அடைக்கலமும் எல்லையும்: மன்னார்க் கரையில் சமயமும் பொதுவாழ்வும்

நூற்றாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். கல்லூரியின் வரலாற்றை எம்மிலும் மூத்த அக்காமார் எழுதுகிறார்கள். ஆகவே கல்லூரி மதிலுக்கு வெளியே இருந்த ஊரைப் பற்றி, அதிலும் அந்த ஊரின் பொதுவாழ்வில் சமயம் செய்த வேலையைப் பற்றி எழுதுவதென்று தீர்மானித்தோம். எம்முடன் படித்தவர்களில் வேதக்காரப் பிள்ளைகள், சைவப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். சமய பாட நேரத்தில் மட்டும் மூன்றாகப் பிரிந்து போய், மணி அடித்ததும் திரும்ப ஒரே வாங்கில் வந்திருந்து கணிதம் படித்தோம். அந்தப் பிரிதலும் சேர்தலும் எமக்கு அன்று சாதாரணமான விடயம். இந்தக் கரையின் வரலாற்றைப் படித்தால், அது அவ்வளவு சாதாரணமானது அல்லவென்று தெரிய வரும்.

இலங்கையில் கத்தோலிக்கர் பாதிக்கு மேற்பட்டவராக வாழும் மாவட்டம் மன்னார். அதே மாவட்டத்தில்தான் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் இருக்கிறது. எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலி, சிலாவத்துறை என்று பழமையான முஸ்லிம் ஊர்களும் இருக்கின்றன. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம் அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டது என்று சொல்வார்கள். மாதோட்டத் துறைமுகம் உலகத்துக்கு வாசலாக இருந்த காலத்திலிருந்தே இங்கே வந்தவர்கள் தங்கள் கடவுளையும் கூட்டிக்கொண்டுதான் வந்தார்கள்.

ஒரே நூற்றாண்டில் இரண்டு காயம்

1542இல் இந்தியாவுக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைப் பரதவர் நடுவே பணியாற்றிக்கொண்டிருந்தபோது, மன்னார்த் தீவு மக்கள் அவரைத் தம்மிடம் அழைத்தார்கள். தாம் வர முடியாமல் அவர் ஒரு குருவை அனுப்பினார். பலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். மன்னார் அப்போது யாழ்ப்பாண அரசின் ஆட்சிக்கு உட்பட்டது. 1544இல் சங்கிலி மன்னன் படையோடு வந்து, மதத்தை விட மறுத்த ஏறக்குறைய அறுநூறு பேரை வெட்டுவித்தான். ஆண், பெண், குழந்தை என்ற பேதம் இருக்கவில்லை. தோட்டவெளியில் அவர்களுடைய நினைவு இன்றும் போற்றப்படுகிறது. மன்னார் வேதசாட்சிகள் என்று நாம் சிறுவயதிலிருந்து கேட்டு வந்தது இவர்களைத்தான்.

மன்னனின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சமயம் மட்டும் சம்பந்தப்பட்ட விடயமாக இருக்கவில்லை. ஞானஸ்நானம் பெற்றவர் போர்த்துக்கேய அரசனின் பாதுகாப்புக்கு உரியவர் ஆகிவிடுவார் என்பது அக்காலத்து நடைமுறை. முத்து விளையும் கடலும் அதில் மூழ்கும் மக்களும் தன் கையை விட்டுப் போவதை மன்னன் கண்டான். அந்த அச்சம் பொய்யாகவும் இல்லை. 1560இல் கொன்ஸ்தந்தீனு தெ பிறகன்சா என்ற போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி படையோடு வந்து மன்னார்த் தீவைப் பிடித்துக் கோட்டை கட்டினார். இதைச் சொல்வதால் கொலை நியாயமாகிவிடாது. ஆனால் மக்களின் நம்பிக்கையை ஆட்சியின் கணக்கில் வரவு வைக்கத் தொடங்கினால் முதலில் சாவது கடற்கரையில் இருக்கும் எளிய சனம்தான் என்பதை இந்தச் சம்பவம் காட்டுகிறது.

மற்றக் காயம் சைவர்களுடையது. போர்த்துக்கேயர் ஆட்சியில் திருக்கேதீச்சரம் இடிக்கப்பட்டது. அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. பாலாவிக் கரையில் காடு மண்டியது. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் கோயில் இருந்த இடமே மறந்து போகும் நிலை. 1872இல் ஆறுமுக நாவலர் அதை மீட்கும்படி சைவ மக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். அவர் மறைந்த பிறகு, 1890களில்தான் நிலம் வாங்கப்பட்டு, பழைய சிவலிங்கம் கண்டெடுக்கப்பட்டது. 1948இல் சேர் கந்தையா வைத்தியநாதன் முன்னின்று உருவாக்கிய திருப்பணிச் சபை அந்த வேலையை முன்னெடுத்தது.

இப்படி ஒரே நூற்றாண்டில், சில மைல் இடைவெளியில், இரண்டு சமூகங்கள் காயப்பட்டன. ஒன்று தன் மக்களை இழந்தது. மற்றது தன் கோயிலை இழந்தது. இரண்டு பக்கமும் தன் காயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது. அடுத்த பக்கத்தின் காயத்தைச் சொல்லிக் கொடுத்தவர்கள் குறைவு. எங்கள் வகுப்பிலும் நாம் வேதசாட்சிகளைப் பற்றி ஒரு அறையிலும், திருக்கேதீச்சரத்தைப் பற்றி மற்ற அறையிலும்தான் படித்தோம்.

காட்டுக்குள் போன சுரூபம்

1658இல் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்தார்கள். இப்போது அடி கத்தோலிக்கருக்கு விழுந்தது. குருமார் நாடு கடத்தப்பட்டார்கள். ஆலயங்கள் சீர்திருத்தச் சபையின் கைக்குப் போயின. பூசை செய்வதும் குருவை மறைத்து வைப்பதும் குற்றமாயின. 1670 அளவில் மாந்தையில் இருந்த இருபது குடும்பங்கள் தங்கள் மாதா சுரூபத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய் மருதமடுவில் குடியேறின. இன்று ஆவணி 15ஆந் திகதி இலட்சக்கணக்கானோர் கூடும் மடுத் திருத்தலம் அகதிகளாக ஓடிப்போனவர்கள் வைத்த இடம் என்பதை நாம் மறக்கக் கூடாது.

1687இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகள் கூலிக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவர் பின்பு பணியாற்றியது கண்டி இராச்சியத்தில். முதலில் ஒற்றர் என்று சந்தேகித்துச் சிறையில் வைத்த அந்தப் பௌத்த அரசுதான் பின்பு அவருக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. அதற்கும் முன்பே 1626இல், போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து விரட்டிய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் கிழக்குக் கரையில் குடியேற்றினான். கத்தோலிக்கரைக் காப்பாற்றியது பௌத்த அரசு. முஸ்லிம்களைக் காப்பாற்றியதும் அதே அரசு. தன் சமயத்தவருக்கு அடைக்கலம் கொடுப்பது உறவு. பிற சமயத்தவருக்குக் கொடுப்பதே அறம். 2015 தை 14ஆந் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் யோசேவ் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்றே மடுவுக்கும் வந்தார். அந்த நாளில் அங்கே நின்றவர்களில் எம் பழைய மாணவிகள் எத்தனையோ பேர்.

மடுவைப் பற்றி வைத்தியர் என்ற முறையில் ஒரு வார்த்தை. மடு மண் பாம்புக் கடிக்கு மருந்து என்பது நாடெங்கும் உள்ள நம்பிக்கை. வேதக்காரர் மட்டுமல்ல, சைவரும் சிங்களப் பௌத்தரும் அதை வீட்டில் வைத்திருப்பார்கள். கடிவாயில் அந்த மண்ணைப் பூசிக்கொண்டு வந்தவரை நாம் கண்டிப்பதில்லை. நேரத்தோடு வந்தாரா என்றுதான் பார்ப்போம். மண்ணைப் பூசுங்கள், செபியுங்கள், ஆனால் உடனே வைத்தியசாலைக்கு வாருங்கள் என்று கோயிலிலேயே சொல்லச் செய்வது, எங்கள் சுவரொட்டிகள் பத்தைவிடக் கூடுதலான பலனைத் தரும். இந்தக் கரையில் கோயிலின் சொல்லுக்கு இருக்கும் எடை அப்படிப்பட்டது.

கடல்கட்டியின் சம்பளம்

அந்த எடை அரசாங்கக் கணக்குப் புத்தகம் வரை போனதுண்டு. அரிப்பு, சிலாவத்துறைக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கடல்கட்டி என்று ஒருவர் இருப்பார். சுறாவின் வாயைக் கட்ட அவர் மந்திரம் சொன்னால்தான் குளிகாரர் கடலில் இறங்குவார்கள். கீழக்கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள், பரதவக் கத்தோலிக்கர், சைவர் எல்லோருக்கும் அவர் வேண்டும். ஆங்கிலேயருக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் கடல்கட்டி இல்லாவிட்டால் தொழில் நடக்காது என்பதால் அவருக்குக் கூலி கொடுத்தார்கள். 1840களில் அரிப்புக்கு வந்த எமர்சன் டெனன்ற், அப்போதிருந்த கடல்கட்டி ஒரு கிறிஸ்தவர் என்று வியந்து எழுதியிருக்கிறார். டெனன்றுக்கு வியப்பாக இருந்தது குளிகாரருக்கு வியப்பாக இருக்கவில்லை. ஆழத்தில் இறங்குகிறவனுக்குத் தேவை துணை. அந்தத் துணை எந்தச் சமயத்தின் வாயிலிருந்து வருகிறது என்று அவன் விசாரிக்கவில்லை.

குரல்

1981இல் யாழ்ப்பாண மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து மன்னார் தனி மறைமாவட்டம் ஆனது. அடுத்த சில ஆண்டுகளில் போர் வந்தது. கச்சேரியும் நீதிமன்றமும் பொலிசும் மக்களுக்கு எட்டாத நாட்களில், ஊருக்குள் எஞ்சியிருந்த ஒரே பொது நிறுவனம் பங்குக் கோயில்தான். பிடித்துக்கொண்டு போன பிள்ளையைத் தேடிக் கொடுக்கவும், முகாமுக்குப் போய்க் கேட்கவும், கூப்பன் அரிசி வராவிட்டால் கடிதம் எழுதவும் மக்கள் சுவாமியிடம்தான் போனார்கள். அதற்கான விலையும் கொடுக்கப்பட்டது. 1984 மார்கழியில் மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் கொல்லப்பட்டார். சில வாரங்கள் கழித்து 1985 தை 6ஆந் திகதி வங்காலை புனித அன்னாள் ஆலயத்தின் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் அடிகளார் இராணுவத்தால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1990இல் மீண்டும் போர் தொடங்க, மடு திரும்பவும் அகதிகளின் காடாயிற்று. ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனம் அங்கே திறந்த நிவாரண நிலையம் அமைத்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மரங்களின் கீழ் கூடாரம் போட்டு ஆண்டுக்கணக்கில் இருந்தன. சைவக் குடும்பங்களும் அங்கே இருந்தன. என்ன சமயம் என்று கேட்டுவிட்டு இடம் கொடுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. 1999 கார்த்திகை 20ஆந் திகதி இரவு கோயில் வளவுக்குள் எறிகணை விழுந்து நாற்பது பேரளவில் இறந்தார்கள். 2008 சித்திரையில் போர் கோயில் வாசலுக்கே வந்தபோது, குருமார் சுரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். 1670இல் நடந்தது 338 ஆண்டுகளின் பின் திரும்பவும் நடந்தது.

இந்தக் காலத்தின் பெரிய குரல் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை. 1992 முதல் 2016 வரை அவர் மன்னாரின் ஆயர். 2011 தை 8ஆந் திகதி, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தபோது அவர் அழுது முறையிடவில்லை, கணக்கு வைத்தார். 2008 ஐப்பசியில் வன்னியில் இருந்தோர் கச்சேரிப் புள்ளிவிபரப்படி 4,29,059 பேர். 2009 ஆடி வரை அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேர் எங்கே என்று கேட்டார். அவர் எடுத்தது அரசாங்கத்தின் எண்களையே. பங்குகளில் ஞானஸ்நானமும் மரணமும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும் என்று பழகிய ஒரு திருச்சபையின் பழக்கம் அந்தக் கேள்வியில் இருந்தது. அந்தத் தொகையில் சைவரும் கத்தோலிக்கரும் பிரித்து எண்ணப்படவில்லை. அந்தக் கணக்குடன் வாதாடியவர்கள் உண்டு. அவர் சொன்ன எல்லாமும் எல்லோருக்கும் உவப்பாகவும் இருக்கவில்லை. ஆனால் அந்தக் கழித்தல் கணக்கை வேறெவரும் அந்த மேசையில் வைக்கவில்லை. 2021 சித்திரை 1ஆந் திகதி அவர் மறைந்தார். கேள்வி இன்னும் இருக்கிறது.

எல்லை

இவ்வளவையும் பெருமையோடு எழுதிவிட்டு இங்கே நிறுத்தினால் இந்த மலருக்கு ஏற்ற கட்டுரையாகவே இருக்கும். ஆனால் எம் வகுப்பில் இருந்த மூன்றில் ஒரு அறையைப் பற்றி நாம் இன்னும் பேசவில்லை.

1990 ஐப்பசியின் கடைசி நாட்களில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். தொகை ஏறக்குறைய 75,000. அவர்களில் மிகப் பெரும் பகுதியினர் மன்னார் மாவட்டத்தவர். தீவில் இருந்தவர்கள் கையில் கொண்டுபோகக்கூடிய சிலவற்றோடு வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரைக்குப் போனார்கள். வீடும் வயலும் வாடியும் பள்ளிவாசலும் பின்னால் நின்றன. பாடசாலை மீண்டும் ஒழுங்காக நடக்கத் தொடங்கியபோது அவர்களுடைய பெயர்கள் வரவுப் பதிவேட்டில் இருந்தன, அவர்கள் இருக்கவில்லை. ஆசிரியை பெயரைக் கூப்பிட்டு, சற்று நின்று, அடுத்த பெயருக்குப் போவார். பிறகு பதிவேடு மாறியது.

மடுவின் காடு எவருக்கும் திறந்திருந்தது என்று மேலே எழுதினோம். அந்த ஐப்பசியில் எருக்கலம்பிட்டிப் பிள்ளைகளுக்கு எந்தக் காடும் திறக்கவில்லை. ஆயுதம் வைத்திருந்தவர்களின் முன்னால் யார் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் அவர்கள் போன பிறகு வந்த இருபது ஆண்டுகளில் நாம் அதைப் பற்றி எவ்வளவு பேசினோம் என்பதும் நியாயமான கேள்வி. அதற்கு ஆயுதம் காரணம் என்று முழுவதும் சொல்லிவிட முடியாது.

போர் முடிந்து அவர்கள் திரும்பி வந்தபோது இடம் முன்போல் இருக்கவில்லை. மன்னார் நகரில் உப்புக்குளம் முஸ்லிம் மீனவர் தங்கள் பழைய கோந்தைப்பிட்டித் துறைக்குத் திரும்பி வந்தார்கள். அங்கே விடத்தல்தீவிலிருந்து போரால் இடம்பெயர்ந்து வந்த தமிழ் மீனவர் வள்ளம் கட்டியிருந்தார்கள். இரு பக்கமும் விரட்டப்பட்டவர்கள். இரு பக்கத்துக்கும் கஞ்சி அந்தத் துறையில்தான். 2012 ஆடியில் அந்தப் பிணக்கு வீதிக்கு வந்து, நீதிமன்றத்தின் மீது கல்லெறிவதில் முடிந்தது. வள்ளம் கட்டும் இடம் பற்றிய வழக்கு சில நாட்களில் முஸ்லிம், கத்தோலிக்கர் சண்டை என்று பேசப்பட்டது.

2019 மாசி முடிந்து பங்குனி பிறந்த வேளையில், மகா சிவராத்திரிக்கு முதல் நாள், மாந்தைச் சந்தியில் திருக்கேதீச்சரத்துக்காக நாட்டிய தற்காலிக வளைவு பிடுங்கி எறியப்பட்டது. அருகே லூர்து மாதா ஆலயம். செய்தவர்கள் கத்தோலிக்கர். நந்திக்கொடி நிலத்தில் மிதிபட்ட படங்கள் அன்றிரவே கனடா, லண்டன், சிட்னி வரை போயின. எம் பழைய மாணவிகளின் குழுக்களிலும் அது வந்தது. அப்போது எழுதப்பட்ட வார்த்தைகளை நாம் இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. முப்பது ஆண்டுகள் ஒரே குண்டுக்குப் பயந்து ஒரே பதுங்குகுழியில் இருந்தவர்கள், ஒரு வளைவுக்காக 1544ஐயும் 1560ஐயும் திரும்ப வெளியே எடுத்தார்கள். தன் வீட்டுக் காயத்தை மட்டும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்ததன் பலன் அதுதான்.

அதே ஆண்டு அதே மாதத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. 2018இல் மன்னார் நகர வாசலில் சதொச கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டியபோது வெளிப்பட்ட புதைகுழியில் முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. சிறுவர்களுடையனவும் அவற்றில் இருந்தன. அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றின் காபன் பரிசோதனை அவற்றை 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்தவை என்றது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாருக்கு அந்த விடை ஆறுதலாக இருக்கவில்லை. மேலும் ஆராய வேண்டும் என்று கேட்டார்கள். வைத்தியத்தில் எமக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்லலாம். ஒரு எலும்பிலிருந்து வயதைக் கணிக்கலாம். ஆணா பெண்ணா என்று பெரும்பாலும் சொல்லலாம். அடிபட்டதா, பட்டினி கிடந்ததா என்றும் சில வேளை அறியலாம். அந்த மனிதர் எந்தக் கோயிலுக்குப் போனார் என்பதை எலும்பு சொல்லாது.

மணலும் தண்ணீரும்

இப்போது தீவுக்குப் புதிய கேள்வி ஒன்று வந்திருக்கிறது. 2020இல் தென்கரையில் 30 காற்றாலைகள் நிறுவப்பட்டன. மேலும் காற்றாலைகளுக்கும், கனிம மணல் அகழ்வுக்கும் திட்டங்கள் வந்தன. தாழ்ந்த மணல் தீவில் மழைநீர் எங்கே ஓடும், கிணற்றுத் தண்ணீர் என்னவாகும் என்று மக்கள் கேட்டார்கள். இந்தியாவின் அதானி நிறுவனத் திட்டத்துக்கு எதிராக உயர் நீதிமன்றம் சென்றவர்களில் அப்போதைய ஆயர் இம்மானுவேல் பெர்னாண்டோ ஆண்டகையும் ஒருவர். 2025இல் அந்த நிறுவனம் விலகியது. அதே ஆண்டு ஆவணியில் வேறு காற்றாலைப் பாகங்கள் தீவுக்குள் வந்தபோது மன்னார் நகரில் தொடர் போராட்டம் நடந்தது. குருமார் முன்னே இருந்தார்கள். சைவரும் முஸ்லிம்களும் பக்கத்தில் இருந்தார்கள். மின்சாரம் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. எங்களைக் கேட்காமல் செய்யாதீர்கள் என்றார்கள். எவருடைய வாதம் சரி என்று தீர்ப்பது இக்கட்டுரையின் வேலை அல்ல. நாம் கவனித்தது வேறு. கிணறு உவர்த்தால் பள்ளிவாசல் கிணறும் உவர்க்கும், பங்குக் கோயில் கிணறும் உவர்க்கும் என்று தெரிந்தபோது, வளைவுக்குச் சண்டை பிடித்த சனம் ஒரே பந்தலின் கீழ் இருந்தது.

ஐந்நூறு ஆண்டுகளைப் புரட்டிப் பார்த்தால், இந்தக் கரையில் சமயத்தைப் பொதுவாழ்விலிருந்து பிரித்து வைக்க எவராலும் முடியவில்லை. இனிமேலும் முடியாது. மக்களுக்கு அடைக்கலமாக, குரலாக, எண்ணிக்கையாக அது நின்ற நாட்களில் எல்லோரும் பிழைத்தார்கள். வேலியாக நின்ற நாட்களில் வேலிக்கு வெளியே இருந்தவர் மட்டுமல்ல, உள்ளே இருந்தவரும் சிறுத்துப் போனார்கள். எப்போது எதுவாக நிற்கிறது என்பது மணியிலும் பாங்கிலும் சங்கிலும் எழுதப்படவில்லை; அவற்றைக் கேட்டு எழுந்து போகும் மனிதரில் இருக்கிறது.

பழைய மாணவிகளாகிய எமக்கு இதில் ஒரு சிறு கடமை உண்டு. சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சென்னை முகவரிகள் நிறைய இருக்கும். புத்தளம், கற்பிட்டி முகவரிகள் எத்தனை? 1990 வரை எம்மோடு படித்து, பரீட்சை எழுத முன்னர் வள்ளம் ஏறியவர்கள் இன்று பேரப்பிள்ளைகளைக் காணும் வயதை நெருங்குகிறார்கள். அவர்களும் இக்கல்லூரியின் பழைய மாணவிகள். விடுகைப் பத்திரம் வாங்காமல் போனவர்கள், அவ்வளவுதான். உங்களில் எவருக்காவது அவர்களில் ஒருவரின் தொலைபேசி இலக்கம் தெரிந்தால் செயலாளருக்கு அனுப்புங்கள். அவர்களுடைய பெயர்களை நாம் திரும்பவும் கூப்பிட வேண்டும்.